இராட்டை நின்றது ஏன்? தறி தளர்ந்தது ஏன்?



பகல் முழுவதும் உழைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன். நான் உயர்நிலைப் பள்ளி வரை படித்தவள். பெரிய சரித்திர ஆசிரியை அல்ல. படித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

இன்று பேசப்போவது துணியைப் பற்றி. கைத்தறியைப் பற்றி. வெள்ளைக்காரர் ஆட்சியில் அது எப்படி நலிந்தது என்பதைப் பற்றி.

"இயந்திரம் வந்தது, கைத்தறி போனது. இதில் சொல்ல என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்பார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் பார்ப்போம்.

பேட்டையின் பெயரைப் படியுங்கள்

நம் பெங்களூருவைக் கெம்பே கௌடர் 1537இல் கட்டினார் என்று சொல்கிறார்கள். பழைய ஊரில் தொழிலுக்கு ஒரு பேட்டை இருந்தது. இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். அடுத்த முறை மார்க்கெட் பக்கம் போனால் பெயர்ப் பலகைகளைப் படித்துப் பாருங்கள்.

கும்பாரபேட்டை என்றால் குயவர் பேட்டை. கானிகரபேட்டை என்றால் செக்கு ஆட்டுகிறவர்களின் பேட்டை. பளேபேட்டை என்றால் வளையல் பேட்டை. அரளேபேட்டை என்று ஒன்று உண்டு. கன்னடத்தில் அரளே என்றால் பஞ்சு.

பஞ்சுக்கு ஒரு பேட்டையே இருந்தது என்றால், இங்கே எவ்வளவு நூல் நூற்றிருப்பார்கள்! எவ்வளவு துணி நெய்திருப்பார்கள்!

1800இல் நம் ஊர்

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போரில் திப்பு சுல்தான் இறந்தார். மைசூர் நாடு ஆங்கிலேயர் பிடிக்குள் வந்தது. நாட்டில் என்ன விளைகிறது, என்ன தொழில் நடக்கிறது என்று பார்த்து எழுதக் கும்பினியார் ஒருவரை அனுப்பினார்கள். கும்பினி என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. வந்தவர் பெயர் பிரான்சிஸ் புக்கானன். அவர் ஒரு மருத்துவர். 1800ஆம் ஆண்டு அவர் பெங்களூருவுக்கு வந்தார்.

இங்கே பட்டு நெய்கிறவர்களைப் பார்த்தார். பருத்தி நெய்கிறவர்களையும் பார்த்தார். இந்த ஊர் நெசவாளர்கள் மிகுந்த திறமைசாலிகள், ஆதரவு கிடைத்தால் எவ்வளவு உயர்ந்த துணியையும் நெய்வார்கள் என்று எழுதி வைத்தார்.

ஆதரவு கிடைத்தால்! அந்தச் சொல்லை மனதில் வையுங்கள்.

அவர் இன்னொன்றும் எழுதினார். வாரச் சந்தையில் ஏழைப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சு வாங்குவார்கள். வீட்டில் உட்கார்ந்து நூற்பார்கள். அடுத்த சந்தையில் அந்த நூலை நெசவாளர்களிடம் விற்பார்கள். அநேகமாக எல்லாச் சாதிப் பெண்களும் நூற்றார்கள். பார்ப்பனப் பெண்கள் மட்டும் நூற்பதில்லை என்று எழுதியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. பஞ்சு அவள் வாங்கியது. இராட்டை அவள் வீட்டில் இருந்தது. சமையல் முடிந்த பிறகு நூற்பாள். பிள்ளை தூங்கிய பிறகு நூற்பாள். சந்தையில் விலை பேசுவதும் அவளே.

ஒரு தறி ஓட வேண்டுமானால் பல பேர் நூல் நூற்க வேண்டும். நெசவு என்றால் நமக்குத் தறியில் உட்கார்ந்த ஆண்தான் நினைவுக்கு வருகிறான். அவனுக்குப் பின்னால் இராட்டையில் உட்கார்ந்த பெண்கள் இருந்தார்கள். பாவு ஓட்டுவதிலும், கஞ்சி போடுவதிலும், தார் சுற்றுவதிலும் வீட்டுப் பெண்களின் கை இருந்தது.

கடலுக்கு அப்பால் என்ன நடந்தது?

நம் நாட்டுப் பருத்தித் துணிக்கு அந்தக் காலத்தில் உலகம் எங்கும் பெயர் இருந்தது. இங்கிலாந்து மக்கள் அதை ஆசையோடு வாங்கினார்கள். அங்கே இருந்த கம்பளி, பட்டு நெசவாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பிழைப்பு போகிறது என்று கூச்சல் போட்டார்கள். அவர்கள் நாட்டுப் பார்லிமெண்டு அதைக் கேட்டது. 1700இலும் 1721இலும் சட்டம் போட்டது. அச்சடித்த பருத்தித் துணியை விற்காதே, உடுத்தாதே என்று தடுத்தது.

அங்கே நெசவாளர் கத்தினார்கள். சட்டம் வந்தது. இதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு அங்கே இயந்திரங்கள் வந்தன. 1760களிலும் 1770களிலும் நூற்கும் இயந்திரங்கள் பிறந்தன. 1785இல் விசைத்தறிக்கு உரிமை வாங்கினார்கள். பல பெண்கள் சேர்ந்து நூற்கும் நூலை ஒரு இயந்திரம் நூற்றது. நூலின் விலை இறங்கிக்கொண்டே போனது.

இயந்திரம் வந்ததால் அங்கேயும் கைத்தறிக்காரர்கள் துன்பப்பட்டார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பழைய வேலை போன இடத்திலேயே புதிய ஆலை எழுந்தது. இங்கே பழைய வேலை போனது. புதிய ஆலையோ ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது.

வரி என்னும் தராசு

போட்டி என்றால் தராசு நேராக இருக்க வேண்டும். தராசு நேராக இருந்ததா?

1813ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். நம் நாட்டு வெள்ளைப் பருத்தித் துணியை இங்கிலாந்தில் விற்க வேண்டுமானால், 100 ரூபாய்த் துணிக்கு 85 ரூபாய் வரி. இங்கிலாந்துத் துணியை இங்கே கொண்டுவந்து விற்க வரி எவ்வளவு? 100 ரூபாய்க்கு இரண்டரை ரூபாய், மூன்றரை ரூபாய். அவ்வளவுதான்.

ஒருவன் காலில் கல்லைக் கட்டினார்கள். இன்னொருவனுக்குக் குதிரை கொடுத்தார்கள். ஓடுங்கள், யார் ஜெயிக்கிறீர்கள் பார்ப்போம் என்றார்கள்.

முடிவு என்ன?

1814இல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த பருத்தித் துணி சுமார் 8 லட்சம் கஜம். 1835இல் வந்தது 5 கோடி கஜத்துக்கு மேல்.

1814இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன துணி 12 லட்சம் உருப்படிக்கு மேல். 1835இல் போனது சுமார் 3 லட்சம் உருப்படி.

இருபத்தோரு ஆண்டுகள். ஒரு பெண் குழந்தை பிறந்து வளர்ந்து கல்யாணம் ஆகும் காலம். அதற்குள் துணி விற்ற நாடு துணி வாங்கும் நாடாக மாறியது.

முன்பணம் என்னும் கயிறு

இன்னொரு கயிறும் இருந்தது. அது முன்பணம்.

வியாபாரி நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பது பழைய வழக்கம். நூல் வாங்க, அரிசி வாங்க அது உதவும். தென்னாட்டில் முன்பு நெசவாளருக்கு ஒரு பலம் இருந்தது. விலை பிடிக்கவில்லை என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வியாபாரியிடம் போகலாம். ஊரை விட்டே போய்விடலாம். நல்ல கைவேலைக்காரரை அடுத்த ஊர் வரவேற்கும்.

கும்பினியார் வியாபாரிகளாக இருந்தவரை இது நடந்தது. அவர்களே ஆட்சியாளர் ஆனதும் நிலைமை மாறியது. கும்பினியிடம் முன்பணம் வாங்கியவர் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்று விதி போட்டார்கள். கண்காணிக்க ஆள் வைத்தார்கள். விலை சொல்பவரும் அவரே, தண்டிப்பவரும் அவரே என்றால், நெசவாளர் யாரிடம் போய் முறையிடுவார்?

இதற்கு மேல் தறிக்கும் வரி. சென்னை மாகாணத்தில் தொழில் செய்கிறவர்கள் மேல் மோதர்பா என்று ஒரு வரி இருந்தது. தறி வைத்திருந்தால் வரி கட்ட வேண்டும். 1852இல் சென்னையில் இருந்த சுதேசிகள் சங்கம் பார்லிமெண்டுக்கு ஒரு மனு எழுதியது. அதில் இந்த வரியின் கொடுமையையும் சொன்னார்கள்.

கட்டைவிரல் கதை

நீங்கள் ஒரு கதை கேட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரன் நெசவாளரின் கட்டைவிரலை வெட்டினான் என்று. நானும் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது தெரியுமா? வில்லியம் போல்ட்ஸ் என்பவர் கும்பினியில் வேலை பார்த்தவர். பிறகு அதை எதிர்த்து 1772இல் ஒரு புத்தகம் எழுதினார். வங்காளத்தில் பட்டு நூல் சுற்றும் தொழிலாளர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கினார்கள். அந்தக் கொடுமை தாங்காமல் அவர்களே தங்கள் கட்டைவிரலை வெட்டிக்கொண்டார்கள் என்று அவர் எழுதினார்.

வெட்டியது வெள்ளைக்காரன் என்று அவர் எழுதவில்லை. நூல் சுற்றுகிறவரே வெட்டிக்கொண்டார் என்றுதான் எழுதினார். யோசித்தால் இதுதான் அதிகமாக மனதைச் சுடுகிறது. சோறு போட்ட விரலைத் தானே வெட்டிக்கொள்ள வேண்டுமென்றால், அந்த வேலை எவ்வளவு பெரிய கொடுமையாக இருந்திருக்கும்?

கேட்ட கதையை அப்படியே நம்ப வேண்டாம். படித்துச் சரிபார்க்கலாம். அதற்குத்தானே எழுத்துக் கற்றோம்!

முதலில் நின்றது எது?

தறி ஒரே நாளில் நிற்கவில்லை. முதலில் நின்றது இராட்டைதான்.

கப்பலில் துணி மட்டுமா வந்தது? நூலும் வந்தது. அது விலை மலிவு. நெசவாளர் என்ன செய்வார்? அவரும் பிழைக்க வேண்டும். மலிவான நூலை வாங்கினார். சந்தைக்குப் போன பெண்ணின் நூலைக் கேட்க ஆள் இல்லை.

1864இல் சென்னைப் பக்கமிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூரு கண்டோன்மெண்டுக்கு இரயில் வந்தது. நம்மில் பல பேருடைய பாட்டன், பூட்டன் அந்த இரயிலில்தான் பிழைப்புத் தேடி இங்கே வந்திருப்பார்கள். அதே இரயிலில் சீமை நூலும் சீமைத் துணியும் வந்து இறங்கின.

பெண்ணின் இராட்டை பரணுக்குப் போனது. இதற்காக எங்கும் ஊர்வலம் நடக்கவில்லை. வீட்டுக்குள் நடந்த வேலை வீட்டுக்குள்ளேயே செத்தது. ஆண் தறியை இழந்தால் அவன் வேலை போனது என்று ஊர் சொல்லும். பெண் இராட்டையை இழந்தால் அவள் சும்மா இருக்கிறாள் என்றுதான் ஊர் சொல்லும்.

நெசவாளருக்கு மலிவான நூல் முதலில் இலாபம்போலத் தெரிந்தது. ஆனால் இனி நூலின் விலை சந்தைப் பெண்ணின் கையில் இல்லை. கடல் கடந்த ஆலையின் கையில் இருந்தது. நூல் விலை ஏறினால் தறி நின்றது.

பிறகு 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். மைசூரிலும் சென்னை மாகாணத்திலும் லட்சக்கணக்கான மக்கள் செத்தார்கள். பஞ்ச காலத்தில் யார் புதுத்துணி வாங்குவார்கள்? நிலம் உள்ளவரிடம் கொஞ்சம் தானியமாவது இருக்கும். நெசவாளரிடம் தறி மட்டுமே இருந்தது. தறியைத் தின்ன முடியுமா? ஊர் ஊராகப் போனார்கள். பலர் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள்.

ஆலை வந்தது

1884இல் நம் பெங்களூருவிலேயே ஒரு பெரிய நெசவு ஆலை தொடங்கியது. கொஞ்ச காலத்தில் அது பின்னி கம்பெனியின் நிர்வாகத்துக்குப் போனது. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அதில் வேலை பார்த்துப் பிழைத்தன. இன்று அந்த ஆலை இல்லை. அந்த இடத்தில் அடுக்கு மாடிகள் எழுந்துவிட்டன. பின்னிப்பேட்டை என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

நம் நாட்டு ஆலைகளுக்காவது நீதி கிடைத்ததா? 1896இல் ஒரு சட்டம் வந்தது. சீமைத் துணிக்கு மூன்றரை சதவீதம் வரி. நம் ஆலைத் துணிக்கும் அதே மூன்றரை சதவீதம் வரி! இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகளுக்கு நஷ்டம் வரக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. 1925இல்தான் இந்த வரியை நிறுத்தினார்கள்.

லங்காஷயர்க்காரர்கள் பேசுவதற்கு அவர்கள் பார்லிமெண்டில் ஆள் இருந்தது. நம் நெசவாளருக்கு ஓட்டு இல்லை. நூற்கும் பெண்ணுக்கு ஓட்டும் இல்லை, பேச ஆளும் இல்லை. இயந்திரம் வந்தது உண்மை. ஆனால் சட்டம் எழுதிய இடத்தில் நம் ஆட்கள் ஒருவரும் இல்லை. நான் சொல்ல வந்த மீதிப் பாதி இதுதான்.

தறி சாகவில்லை

இவ்வளவு நடந்தும் கைத்தறி முழுதும் சாகவில்லை. இதையும் சொல்ல வேண்டும்.

ஆலையால் செய்ய முடியாததை நெசவாளர்கள் நெய்தார்கள். அகலக் கரை வைத்த சேலை, பட்டுச் சேலை, முரட்டுத் துணி. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கைலி நெய்து அனுப்பினார்கள். புதிய தறியையும் கற்றுக்கொண்டார்கள். கயிற்றை இழுத்தால் நாடா தானாக ஓடும் தறி அது. நம் நெசவாளர் புதுமைக்குப் பயந்தவர் அல்ல.

இராட்டை மட்டும் மறைந்தே போனது. எவ்வளவு மறைந்தது தெரியுமா? காந்தியடிகள் 1908இல் இராட்டையைப் பற்றி எண்ணியபோது, அவரே அதைக் கண்ணால் பார்த்ததில்லை. இந்தியாவுக்குத் திரும்பிய பிறகும் பல காலம் தேடினார். கடைசியில் கங்காபென் என்ற அம்மையார் குஜராத்தில் விஜாப்பூர் என்ற ஊரில் கண்டுபிடித்தார். வீட்டுப் பரணில் கிடந்த இராட்டைகள்! பஞ்சு கொடுத்தால் நூற்கிறோம் என்று அந்த ஊர்ப் பெண்கள் சொன்னார்கள்.

1927இல் காந்தியடிகள் உடல் நலம் இல்லாமல் நம் பெங்களூருவில் தங்கி ஓய்வெடுத்தார். அந்த ஆண்டு ஜூலையில் இங்கே ஒரு கதர்க் கண்காட்சியும் நடந்தது.

இன்று என்ன நிலை?

விடுதலைக்குப் பிறகு சட்டம் எழுதும் உரிமை நமக்கு வந்தது. சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985இல் ஒரு சட்டம் வந்தது. முதலில் 22 வகை. பிறகு அதை 11 வகையாகக் குறைத்துவிட்டார்கள்.

இப்போது கைத்தறிக்குப் போட்டி சீமைத் துணி அல்ல. விசைத்தறித் துணி. கைத்தறி என்று சொல்லி விசைத்தறிச் சேலையை விற்கிறவர்களும் உண்டு.

1995இல் நம் நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் சுமார் 65 லட்சம் பேர். 2019-20இல் எடுத்த கணக்கில் சுமார் 35 லட்சம் பேர். பத்துப் பேரில் ஏழு பேர் பெண்கள். ஆகவே இன்றும் கைத்தறியின் கதை பெண்களின் கதைதான்.

நமக்கு என்ன பாடம்?

இங்கே இருக்கும் அக்காமார் பலர் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறீர்கள். சிலர் வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறீர்கள். பஞ்சு வாங்கி நூற்ற அந்தப் பெண்ணுக்கும் உங்களுக்கும் தூரம் அதிகம் இல்லை.

ஒன்று. கணக்கைப் படியுங்கள். முன்பணம் வாங்கினால் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழித்தார்கள் என்று சொந்த நோட்டில் எழுதுங்கள். சம்பளச் சீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு. முத்திரையைப் படியுங்கள். 2006 முதல் கைத்தறித் துணிக்கு அரசின் கைத்தறி முத்திரை இருக்கிறது. கைத்தறி வாங்கும்போது அதைத் தேடுங்கள். கர்நாடகக் கைத்தறி வளர்ச்சிக் கழகமும், கோ-ஆப்டெக்ஸும் நெசவாளரின் துணியை விற்பதற்கென்றே ஏற்பட்டவை. வருடத்துக்கு ஒரு துண்டு வாங்கினாலும் அது ஒரு தறிக்கு வேலை.

மூன்று. சட்டத்தைக் கவனியுங்கள். 2016 ஏப்ரலில் நம் பெங்களூருவில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். பி.எஃப். பணத்தை முழுதாக எடுக்க முடியாதபடி ஒரு விதி வந்தது. ஆயிரக்கணக்கான கார்மெண்ட்ஸ் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டே நாளில் மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. 1813இல் நூற்ற பெண்ணுக்கு இந்த வழி இல்லை. நமக்கு இருக்கிறது.

பேசிப் பார்ப்போம்

இந்த வாரம் வகுப்பில் மூன்று கேள்விகளைப் பேசுவோம்.

உங்கள் குடும்பத்தில் யாராவது தறி நெய்தார்களா, நூற்றார்களா? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வாருங்கள்.

நீங்கள் செய்யும் வேலைக்கு விலை சொல்வது யார்?

வீட்டுக்குள் பெண் செய்யும் வேலையை உங்கள் வீட்டில் வேலை என்று சொல்கிறார்களா?

பதிலை நோட்டில் நாலு வரி எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை. அதைச் சேர்ந்து படிப்போம்.